உறுதிப் பத்திரம் இருந்தால்தான் காணியா?

வன்னிமேடு:
இலங்கை அரசின் 2025 மார்ச் 28 வர்த்தமானி அறிவித்தலை மறந்திருக்க மாட்டீர்கள். வடக்கில் 5,940 ஏக்கர். 3 மாதத்துக்குள் உரிமையை நிரூபிக்காவிட்டால் அரச காணி என்றார்கள். எல்லாரும் சேர்ந்து எதிர்த்தோம், அரசாங்கம் பின்வாங்கியது. அந்தக் கிழமைகளில் ஊர் முழுக்க றங்குப் பெட்டியைத் திறந்து உறுதி தேடிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டில் தேடுவதற்கு ஒன்றுமே இல்லை. அப்பா 1977 கலவரத்தோடு மலையகத் தோட்டத்தை விட்டுக் கிளிநொச்சிக்கு வந்தவர். காடு வெட்டி, கிணறு தோண்டி, எங்களையும் வளர்த்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். இன்றைக்கும் அந்தக் காணிக்கு ஒரு துண்டுக் கடதாசி கிடையாது.

2015இல் ஆட்சி மாறியது, 2024இல் மறுபடி மாறியது. ஒவ்வொரு தரமும் படை பிடித்த காணிக்காக நாங்கள் கேட்டது 'எங்கள் காணியைத் திருப்பித் தா' என்பதுதான். போருக்கு முன்பே காணி இல்லாதவன் எதைத் திருப்பிக் கேட்பான்? உருமாற்ற நீதி என்பதை நான் விளங்கிக்கொண்டது இப்படி: பழைய நிலைக்குத் திரும்பினால் போதாது, அந்தப் பழைய நிலையிலேயே இருந்த அநியாயமும் மாற வேண்டும். அதைப் பற்றி ஏன் ஒருவரும் பேசுவதில்லை?

பலாலி வீதி:
தம்பி, உங்கள் அப்பாவின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இந்தப் பேச்சு எங்கே கொண்டுபோய் விடும் என்று யோசியுங்கள். 1990 ஜூனில் போரால் யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கை விட்டு ஓடும்போது அம்மா உறுதியை மெழுகுத்துணியில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டுதான் ஓடினா. 2013இல் அங்கே 6,381 ஏக்கரைப் படைக்காகச் சுவீகரிக்க அரசாங்கம் அறிவித்தல் ஒட்டியது. உரிமையாளர்களைக் கண்டுபிடிக்க முடியவில்லையாம். இடம்பெயர்ந்தோர் முகாமில் இருந்த ஆயிரக்கணக்கான பேரைக் கண்டுபிடிக்க முடியாதா? நீதிமன்றத்துக்கு எதைக் கொண்டு போனோம்? இந்த உறுதிகளைத்தான். 'உறுதி மட்டும் போதாது' என்று நாங்களே சொல்லத் தொடங்கினால், முட்கம்பிக்கு அந்தப் பக்கம் இருக்கும் படைக்குத்தான் வசதி.

படை எங்கள் காணியை விட்ட அன்று போய்ப் பார்த்தோம். வீடு இல்லை, வேலியும் இல்லை, பூவரசு ஒன்றுகூட இல்லை. பற்றைக்குள் கிணற்றுக்கட்டு மட்டும் தெரிந்தது. அதிலிருந்து அடி அளந்து அம்மா எல்லை காட்டினா.

செம்மண்:
அண்ணை, அதே முகாம்களில் நான் பல வருடம் வேலை செய்தேன். காணி விட விட, உறுதி வைத்திருந்தவர்கள் ஊருக்குப் போனார்கள். கடைசிவரை யார் மிஞ்சினார்கள் என்று உங்களுக்கும் தெரியும். பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதிச் சனம், போருக்கு முன்னும் மற்றவர் காணியில் குடியிருந்து கூலிக்குப் போனவர்கள். முகாம் இருந்ததும் தனியார் காணியில். சொந்தக்காரர் அதைத் திருப்பிக் கேட்டார், அவருக்கும் அந்த உரிமை உண்டு. இந்தச் சனம் எங்கே போவது? சாதியைப் பேசினால் ஒற்றுமை குலையும் என்று இதைத் தள்ளிவைத்தே வந்திருக்கிறோம்.

பெண்களின் கதை வேறு. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திச் சட்டத்தின்படி, தனக்குப் பின் காணி யாருக்கு என்று பெயர் குறிக்காமல் அரச காணிப் பெர்மிட்காரர் இறந்தால், பிள்ளைகளில் ஆண்பிள்ளைக்குத்தான் முதலிடம் இருந்தது. 2022இல்தான் அதைத் திருத்தினார்கள். போர் தின்ற வீடுகளில் எத்தனை அக்காமார் அதற்குள் காணியை இழந்திருப்பார்கள்!

பலாலி வீதி:
தங்கச்சி, சாதி விஷயத்தில் நீங்கள் சொல்வது உண்மை, மறுக்க மாட்டேன். ஆனால் 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தையும் பாருங்கள். பத்து வருடம் ஒருவர் மற்றவரின் காணியை ஆண்டால் அதற்கு உரிமை கோரலாம் என்பது வழமையான சட்டம். போரால் வர முடியாமல் போனவர்களுக்காக 1983 மே முதல் 2009 மே வரையான காலத்தை அதில் சேர்க்கக் கூடாது என்று அந்தச் சட்டம் சொன்னது. அது இல்லாவிட்டால் இடம்பெயர்ந்தவன் இரண்டாம் தரமும் இழந்திருப்பான்.

வன்னிமேடு:
அதே சட்டத்தை என் பக்கத்தில் நின்று பாருங்கள் அண்ணை. ஆளில்லாத காணியில் இருபது வருடம் பயிர் செய்து, செல்லடிக்குள்ளும் விட்டுப் போகாதவன் அந்த இருபது வருடத்தையும் இழக்கிறான். வெளிநாட்டில் இருந்து ஒருவர் உறுதியோடு வந்தால் எழும்ப வேண்டியதுதான். அவர் உரிமையைப் பறிக்கச் சொல்லவில்லை. எழும்புகிறவனுக்கு மாற்றுக் காணியும், செய்த உழைப்புக்கு ஈடும் கொடு என்று ஒரு வரியாவது வேண்டாமா?

முசலியூர்:
1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது எனக்கு ஒன்பது வயது. வாப்பாவின் பெயரில் ஒரு உறுதி இருக்கிறது. புத்தளத்தில் நாங்கள் இப்போது ஐந்து குடும்பம். ஊருக்குத் திரும்பினால் நான்கு குடும்பத்துக்குக் குந்த இடமில்லை. காடாகிப் போன எங்கள் தோட்டங்களை வனத் திணைக்களம் தன்னுடையது என்கிறது. உறுதி இருந்தும் பாதி காணியற்றவன் நான். நீங்கள் மூவரும் பேசும்போது எந்தப் பக்கம் சேருவது என்றே தெரியவில்லை.

பலாலி வீதி:
தம்பி, முசலியூர், படையும் வனத் திணைக்களமும் வைத்திருக்கும் காணி முதலில் வரட்டும் என்பதில் நான் மாறவில்லை. காணியில்லாதவர்களுக்கு அரச காணியிலிருந்து கொடுக்கட்டும், அகதியின் பங்கில் கை வைக்கக் கூடாது. ஆனால் ஒன்று உறுத்துகிறது. முகாமில் பக்கத்துக் கொட்டிலில் இருந்த குடும்பம்தான் அம்மாவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது. காணி விடச் சொல்லி மனு எழுதியபோது அவர்களும் கையெழுத்து வைத்தார்கள். அந்த மனுவில் அவர்களுக்கு அரைப் பரப்புக் காணியாவது கேட்டு ஒரு வரி இருக்கவில்லை. எழுதியது நான்தான்.

செம்மண்:
அடுத்த மனுவை எப்போது எழுதுகிறீர்கள் அண்ணை?