புதுப்பிப்பு: ஐந்தாம் நாள் கரு ஏன் பதியவில்லை?

ஆய்வகத்தில் ஐந்து நாள் வளர்த்து உறைய வைத்திருந்த கருவைக் கருப்பையில் வைத்தும் அது பதியவில்லை என்றும், மறுநாள் நான் மாடிப்படி ஏறியது காரணமாக இருக்குமா என்றும் சென்ற மாதம் இங்கே கேட்டிருந்தேன். இப்போது மருத்துவரிடம் விரிவாகப் பேசிவிட்டேன்.

படியேறியதற்கும் இதற்கும் தொடர்பில்லை. (கட்டிலை விட்டே இறங்கக் கூடாது என்ற என் மாமியாரிடமும் இதைச் சொல்லியாயிற்று.)

முன்பு “முதல் தரக் கரு, குறையே இல்லை” என்று எழுதியதை மட்டும் திருத்த வேண்டும். அந்தத் தரம் நுண்ணோக்கியில் தெரியும் தோற்றத்துக்கு உரியது. முதல் மூன்று நாள்கள், ஏறத்தாழ எட்டுச் செல்களாகும் வரை, கரு பெரும்பாலும் முட்டையில் சேமிக்கப்பட்டிருந்த பொருள்களைக் கொண்டே பிளவுபடுகிறது; அதன் சொந்த மரபணுக்கள் பெருமளவில் இயங்கத் தொடங்குவது அந்தக் கட்டத்தில்தான். ஆகவே குரோமோசோம் எண்ணிக்கை பிசகிய கருவும் ஐந்தாம் நாளில் அழகான பிளாஸ்டோசிஸ்டாக (உள்ளே நீர் நிறைந்த பந்து போன்ற, பதியத் தயாராகும் நிலைக் கருவாக) தோன்றக்கூடும். அப்பிசகு பெரும்பாலும் முட்டை முதிரும்போதே நேர்வது, தாயின் வயதோடு கூடுவது.

கருப்பையின் உட்படலம் கருவை ஏற்கும் காலமும் குறுகியது. அமெரிக்க ஆய்வாளர் ஆலன் வில்காக்ஸ் குழுவினர் 1999இல் வெளியிட்ட ஆய்வில், ஆறு வாரமேனும் நீடித்த இயற்கைக் கர்ப்பங்களில் 84 விழுக்காடு முட்டை வெளிவந்த 8 முதல் 10ஆம் நாளுக்குள் பதிந்திருந்தன. 11ஆம் நாளுக்குப் பின் பதிந்தவற்றில் பெரும்பாலானவை நிலைக்கவில்லை.

எனக்கு உட்படலத்தின் தடிமனும் அதைக் கருவேற்கத் தயார்செய்யும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் கொடுத்த நாள்கணக்கும் சரியாகவே இருந்தன என்பதால், மீதமுள்ள இரண்டு கருக்களில் ஒன்றை ஆடி கழிந்ததும் வைக்கவிருக்கிறோம்.