"அவன் அப்படிப் பண்ணமாட்டான் சிஸ்": ஜோடிக் கதை எழுதுகிறவர்களின் அனுபவங்கள்

லக்னோ ரயில் எழுதியது:

சீரியல் ஜோடிகளை வைத்து ஃபேன் ஃபிக்ஷன் (ரசிகர்களே எழுதுகிற கதை) எழுதுகிற எல்லாருக்கும் மேலே தலைப்பில் இருக்கிற கமெண்ட் ஒரு தடவையாவது வந்திருக்கும். எனக்கு வந்தவற்றை இங்கே சொல்கிறேன், நீங்களும் சொல்லுங்கள். கேனான், அதாவது மூலத் தொடரிலேயே காட்டியது, என்று எதை இறுக்கிப் பிடிக்கிறீர்கள், எதை விட்டுவிடுகிறீர்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை.

நான் எழுதுவது அர்ஷி (அர்னவ், குஷி ஜோடி) கதைகள். ஸ்டார் பிளஸில் 2011 ஜூனிலிருந்து 2012 நவம்பர் வரை ஓடிய 'இஸ் ப்யார் கோ க்யா நாம் தூன்', விஜய் டிவியில் 'இது காதலா' என்று டப்பிங்கில் வந்ததே, அந்த அர்னவ், குஷி. 398 எபிசோட். அர்னவாக நடித்த பருன் சோப்தி விலக, சீரியலை முடித்துவிட்டார்கள். எங்களுக்கு மட்டும் இன்னும் முடியவில்லை.

பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக: அர்னவ் டெல்லியில் ஃபேஷன் கம்பெனி நடத்துகிறவன். சர்க்கரை நோய் உண்டு, சாமி நம்பிக்கை கிடையாது, கோபம் மூக்கு நுனியில். குஷி லக்னோவிலிருந்து வந்தவள். சின்ன வயசில் அப்பா அம்மாவை இழந்து சித்தி வீட்டில் வளர்ந்தவள். வாய் ஓயாது. மனசு சரியில்லை என்றால் ஜிலேபி சுட ஆரம்பித்துவிடுவாள். அர்னவின் அக்கா அஞ்சலி. அஞ்சலியின் கணவன் ஷியாம், தனக்குக் கல்யாணமானதையே மறைத்து குஷியை நிச்சயம் செய்துகொண்டவன்.

எங்கள் சண்டையெல்லாம் ஒரே ஒரு ராத்திரியைச் சுற்றித்தான். குஷியின் அக்கா பாயலுக்கும் அர்னவ் வீட்டுப் பையனுக்கும் கல்யாண சமயம். மொட்டை மாடியில் ஷியாம் குஷியைக் கட்டிப்பிடித்திருப்பதை அர்னவ் பார்க்கிறான். தன் அக்கா வாழ்க்கையை இவள் கெடுக்கிறாள் என்று முடிவு கட்டுகிறான். ஒரு வார்த்தை கேட்கவில்லை. "ஆறு மாசத்துக்கு என்னைக் கல்யாணம் பண்ணிக்கோ, இல்லைன்னா பாயல் கல்யாணம் நடக்காது" என்று மிரட்டி, கோயிலில் வைத்துத் தாலி கட்டுகிறான். பின்னால் உண்மை தெரிகிறது, வருந்துகிறான், வீட்டார் முன்னிலையில் முறைப்படி மறுபடியும் கல்யாணம் நடக்கிறது. சுபம்.

எனக்கு அந்தச் சுபம் போதவில்லை. அதனால்தான் எழுத வந்தேன். ஒருத்தியை மிரட்டித் தாலி கட்டியவன், அவள் முகத்தைப் பார்த்து "நான் உனக்கு என்ன செய்தேன் தெரியுமா" என்று நிதானமாகப் பேசுகிற ஒரு எபிசோட் எனக்கு வேண்டியிருந்தது. சீரியல் அந்த இடத்தை அவசரமாகக் கடந்து கடத்தல், பாட்டியம்மா வருகை என்று அடுத்த ட்ராக்குக்குப் போய்விட்டது.

முதல் கதையில் அவனை அழ வைத்தேன். உடனே வந்தது: "அர்னவ் அழமாட்டான் சிஸ், உங்க அர்னவ் வேற யாரோ." எழுதியவர் அத்தனை எபிசோடையும் மனப்பாடமாக வைத்திருக்கிற அக்கா. நான் வாதாடினேன்: பதினான்கு வருஷத்துக்கு முன் அக்காவின் கல்யாண நாளில் அம்மா தற்கொலை செய்துகொண்டதைப் பார்த்த பையன் அவன், அழக் கூடாதா? அக்கா சொன்னார்: "அழலாம். ஆனா குஷி பார்க்கிற மாதிரி அழமாட்டான். அவன் ரூம் ஒட்டி நீச்சல் குளம், அங்க செடி வளர்க்கிறான். அதை விட்டுட்டு ஏன் எங்கேயோ தேடுறே?"

அந்த ஒரு வாக்கியம் எனக்கு ஒரு வகுப்பு எடுத்த மாதிரி. ஊரையே அதட்டுகிறவன் விடியற்காலையில் தன் கையால் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறான் என்று சீரியல் காட்டிவிட்டு, அதைப் பற்றி அதிகம் பேசாமல் விட்டுவிட்டது. நான் அந்தக் காட்சியை இப்படி எழுதினேன்:

"அவன் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தான். தொட்டி நிரம்பி, தட்டு நிரம்பி, தரையெல்லாம் ஓடி அவள் காலை நனைத்தது. 'போதும்' என்றாள் குஷி. அவன் கை நிற்கவில்லை. 'கேட்டிருக்கணும். அன்னைக்கு மாடியில நான் உன்னைக் கேட்டிருக்கணும்.' திரும்பிப் பார்க்காமலேயே சொன்னான்."

அக்கா இதற்குப் போட்ட கமெண்ட்: "இவன்தான்." சீரியலில் அப்படி ஒரு காட்சியே கிடையாது. வசனம் முழுக்க என் கற்பனை. ஆனாலும் அர்னவ் அவன்தான்.

அதிலிருந்து நான் எழுதுகிற முறை இது. சீரியல் காட்டியதை மறைக்கமாட்டேன். அது காட்டாமல் விட்டதெல்லாம் எனக்குச் சொந்தம். "கான்ட்ராக்ட் கல்யாணமே நடக்காத மாதிரி எழுதுங்க, மனசு வலிக்குது" என்று கேட்பவர்கள் உண்டு. மாற்று உலகக் கதையாக எழுதலாம், தப்பே இல்லை. நானும் விரும்பிப் படிக்கிறேன். ஆனால் அதே வீடு, அதே மனிதர்கள், அதே மிரட்டல் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு, "பாசத்தில்தான் அப்படிப் பண்ணினான்" என்று பூசி மெழுகினால் எனக்கு ஒப்பவில்லை. அவன் செய்தது கொடுமை. அந்தக் கொடுமையோடு சேர்த்துத்தான் நான் அவனை நேசிக்கிறேன், அதனால்தான் அவனைப் பதில் சொல்ல வைக்கிறேன்.

காலேஜ் படிக்கிற ஒரு பெண், "கோபப்பட்டாத்தான் அக்கா அர்னவ். கையைப் பிடிச்சு இழுத்தாத்தான் லவ். நீங்க அவனை ரொம்ப நல்லவனாக்கிட்டீங்க" என்று எழுதினாள். இந்த வயசுப் பிள்ளைகளுக்குப் பதில் எழுதும்போது எனக்குக் கை நடுங்கும். கேனானில் அவன் கையைப் பிடித்து இழுத்தது உண்மை, இல்லை என்று சொல்லவே முடியாது. ஆனால் இழுபட்டவள் முகம் அப்போது எப்படி இருந்தது என்று அதே காட்சியிலேயே இருக்கிறது. பின்னணியில் 'ரப்பா வே' ஒலிக்கிறதால் நாம் அதைப் பார்ப்பதில்லை. ஒலியை அணைத்துவிட்டுப் பார் தங்கச்சி என்றேன். பார்த்தாளா தெரியாது, ஆனால் தொடர்ந்து படிக்கிறாள்.

இன்னொருவர் கல்யாணமாகிப் பல வருஷம் ஆனவர். தனிச்செய்தியில் கேட்டது இவ்வளவுதான்: "ஒரு எபியிலாவது குஷி அந்த வீட்டை விட்டுப் போகட்டும்." அவர் ஏன் கேட்டார் என்று நான் கேட்கவில்லை. எழுதலாம் என்று உட்கார்ந்தால் பெரிய சிக்கல். குஷி போகமாட்டாள்! அவள் போனால் பாயலின் வாழ்க்கை போய்விடும், அதே பயத்தில்தானே தாலியையே ஏற்றுக்கொண்டாள். தன் மானத்துக்காக மட்டும் அக்காவை விட்டுக்கொடுக்கிற குஷி, குஷியே இல்லை. அதனால் அவளை மாற்றாமல் நிலைமையை மாற்றினேன். பாயலுக்கு உண்மை தெரிந்துவிடுகிறது. "எனக்காக நீ இங்கே இருக்க வேண்டாம், போ" என்று பாயலே சொல்கிறாள். அந்தக் கட்டு அவிழ்ந்த நிமிஷத்தில் குஷி பெட்டியைக் கட்டிவிட்டாள். யாரும் "குஷி அப்படிப் பண்ணமாட்டா" என்று சொல்லவில்லை. தனிச்செய்தி அனுப்பியவரிடமிருந்து ஒரு இதயம் மட்டும் வந்தது.

சின்ன விஷயங்களில் நான் ரொம்பக் கறார். அர்னவ் குஷி கையால் தட்டு நிறைய ஜிலேபி சாப்பிடுகிற கதைகளை என்னால் படிக்கவே முடியாது. அவனுக்குச் சர்க்கரை இருக்கிறது! பெரிய திருப்பத்தை மாற்றுகிறவர்களைக் கூட மன்னிப்பேன்.

கதிர்முல்லை ரசிகை எழுதியது:

உங்க பதிவைப் படிச்சதும் எழுதியே ஆகணும்னு தோணுச்சு அக்கா. எனக்கு 'பாண்டியன் ஸ்டோர்ஸ்' கதிர், முல்லை. முல்லையை கதிரோட அண்ணன் ஜீவாவுக்குத்தான் பேசியிருந்தாங்க. ஜீவா மனசுல மீனா. கடைசியில முல்லை கழுத்துல கதிர் தாலி கட்டுறான். ரெண்டு பேருக்கும் ஒருத்தரை ஒருத்தர் பிடிக்காது. அங்கிருந்து ஒவ்வொரு இஞ்ச்சா வந்த காதல். அந்த 'ஒவ்வொரு இஞ்ச்'தான் எங்க எல்லாரையும் எழுத வச்சுது.

எனக்கு வந்த கேள்வி வேற மாதிரி. முல்லையா நடிச்ச வி.ஜே. சித்ரா 2020 டிசம்பர்ல இறந்துட்டாங்க. முல்லையா காவ்யா வந்தாங்க, அப்புறம் 2022ல லாவண்யா. சீரியலைப் பொறுத்தவரை ஒரே முல்லைதான், கதை தொடருது. நான் எழுத உட்கார்ந்தா முல்லை தலையைச் சாய்ச்சு கதிரை முறைக்கிறது சித்ரா முறைக்கிற மாதிரியேதான் வரும். ஒரு வாசகி கேட்டாங்க: "நீங்க எந்த முல்லையை எழுதுறீங்க?" கொஞ்ச நாள் எழுதவே முடியலை.

கேனான்னா வசனமும் சம்பவமும் மட்டும்னு சிலர் சொல்றாங்க. எனக்கு அப்படி இல்லை. அந்த முறைப்பும் சிரிப்பை அடக்குறதும் எந்தத் தாள்லயும் எழுதியிருக்காது, நடிச்சவங்க கொண்டுவந்தது. அதனால என் கதைகள்ல முல்லை பழைய முல்லைதான், கதை 2020க்கு முன்னாடியே நிக்கும். புது முல்லையைப் பிடிச்சவங்களுக்கு அவங்க கதை இருக்கு, அதுல போய் நான் சண்டை போட்டதில்லை. ஒரு விஷயத்துல மட்டும் கோபம் வரும். நடிச்சவங்களோட சொந்த வாழ்க்கையை முல்லை மேல ஏத்தி எழுதுறவங்களைப் பார்த்தா. முல்லை வேற, அவங்க வேற. அவங்க குடும்பமும் இதையெல்லாம் படிக்க வாய்ப்பிருக்கு.

வன்கூவர் மழை எழுதியது:

நான் கொஞ்சம் பழைய ஆள். 'தி எக்ஸ்-ஃபைல்ஸ்' என்ற அமெரிக்கத் தொடரின் எஃப்பிஐ துப்பறியும் ஜோடி முல்டர், ஸ்கல்லி. 1993இல் தொடங்கியது, முதல் ஐந்து பருவமும் எங்கட வன்கூவரிலதான் படமாக்கினவை. பிறகு லாஸ் ஏஞ்சலிஸுக்குப் போனது.

உங்களுக்கு சீரியல் அதிகமாகக் காட்டிவிட்டது, அதை எப்படி ஏற்கிறது என்று பிரச்சினை. எங்களுக்கு நேர்மாறு. ஒன்றுமே காட்டமாட்டார்கள். 1998 திரைப்படத்தில் கட்டடத்து நடைவழியில் இரண்டு பேரும் முத்தமிடப் போகும் நேரம் ஒரு தேனீ ஸ்கல்லியைக் குத்திவிடும்! ஏழாம் பருவத்தில், ஸ்கல்லியாக நடித்த ஜில்லியன் ஆண்டர்சனே எழுதி இயக்கிய பகுதி ஒன்று. ஸ்கல்லி கண்ணாடி முன் நின்று உடை மாற்றுகிறா, முல்டர் கட்டிலில் நித்திரை. அவ்வளவுதான், ஒரு விளக்கமும் இல்லை. அந்தச் சில வினாடிக்கு முன்னும் பின்னும் என்ன நடந்தது என்று எவ்வளவு கதை எழுதினம்! இரண்டு பேருக்கும் காதலே இல்லை, நட்பு மட்டும்தான் என்று அடித்துச் சொல்லுகிற கூட்டமும் இருந்தது. அவர்களும் அதே காட்சிகளைத்தான் சாட்சிக்குக் கொண்டு வந்தார்கள். நான் அவர்களோடு கதைத்துத்தான் ஒரு பார்வையை எப்படி நிதானமாக எழுதுவது என்று பழகினேன். அவர்கள் "இது நட்பு" என்று சொல்ல இடமில்லாதபடி எழுத வேண்டும் அல்லவா, அதற்கு எவ்வளவு கவனம் வேணும்.

2018இல் புதுப் பருவம் வந்து, அவர்களுடைய பிள்ளை வில்லியமின் தகப்பன் முல்டர் இல்லை, தொடரின் வில்லனான அந்தச் சிகரெட் புகைக்கிற ஆள் என்று சொன்னது. தொடரை உருவாக்கிய கிறிஸ் கார்ட்டரே எழுதினது. கேனான்தான், மறுக்க இயலாது. ஆனால் நான் அதை ஏற்கவில்லை. காரணம் இவ்வளவுதான்: ஸ்கல்லிக்கு அவளுடைய சம்மதம் இல்லாமல் நடந்த ஒரு பெரிய அநியாயத்தை, கதைத் திருப்பமாக மட்டும் வைத்துவிட்டுப் போனார்கள். உங்களிடம் கேட்க நினைத்தது இதுதான். "காட்டியதை மறைக்கமாட்டேன்" என்கிறீர்கள். காட்டினது இப்படி இருந்தால்?

லக்னோ ரயில் எழுதியது:

கேட்டது நியாயம். ரெண்டு நாளாக யோசித்தேன்.

கான்ட்ராக்ட் கல்யாணத்தை நான் ஏற்றுக்கொண்டதற்குக் காரணம், அது அர்னவின் குணத்திலிருந்தே வந்தது. கேட்காமல் முடிவு கட்டுகிறவன் என்று முதல் எபிசோடிலிருந்து காட்டிக்கொண்டே வந்தார்கள். அதை அழித்தால் அவன் வேறு ஆளாகிவிடுவான். நீங்கள் சொல்கிற திருப்பத்தை எடுத்துவிட்டுப் பார்த்தால் ஸ்கல்லி குறையவே இல்லை, முல்டரும் குறையவில்லை. அப்படியென்றால் விட்டுவிடலாம் என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் கதையின் தலையிலேயே "2018க்கு முந்தையது" என்று ஒரு வரி போடுங்கள், கதிர்முல்லை தங்கை செய்கிற மாதிரி. படிக்கிறவர் எந்தத் தரையில் நிற்கிறோம் என்று தெரிந்து உள்ளே வரட்டும். அல்லது, உங்களுக்கு மனசு ஒத்துழைத்தால், ஸ்கல்லி அந்த அநியாயத்தைப் பற்றிப் பேசுகிற ஒரு ராத்திரியை எழுதுங்கள். யாரிடம் பேசுவாள், எவ்வளவு பேசுவாள் என்று உங்களுக்குத்தான் தெரியும். எழுதினால் முதல் ஆளாகப் படிப்பேன்.

கதிர்முல்லை தங்கைக்கு: நடிகர்கள் விஷயத்தில் நூறு சதவீதம் உங்கள் பக்கம். 2015இல் 'ஏக் ஜஷ்ன்' என்று இணையத்தில் எட்டுப் பகுதி வந்தபோது பருனும் சனாயா இரானியும் மறுபடியும் சேர்ந்து நடித்தார்கள் என்று கொண்டாடினோம், அது அர்னவுக்கும் குஷிக்குமான கொண்டாட்டம். நிஜத்தில் அவரவருக்கு அவரவர் குடும்பம். அவர்கள் பெயரை வைத்து வருகிற ஜோடிக் கதைகளுக்கு நான் கமெண்ட் கூடப் போடுவதில்லை.

குஷி வீட்டை விட்டுப் போன கதைக்கு யூடி (அடுத்த பகுதி) கேட்டவர்களுக்கு: வெள்ளிக்கிழமை வரும். லக்னோவில் இறங்கிவிட்டாள். அர்னவ் இன்னும் டெல்லியில்தான் இருக்கிறான். அவனை உடனே பின்னாடி ஓடி வர வைக்கச் சொல்கிறீர்கள், ஓடி வரமாட்டான். முதலில் அஞ்சலியிடம் உண்மையைச் சொல்ல வேண்டும், அதற்கே அவனுக்கு ஒரு எபி முழுசாகத் தேவைப்படுகிறது.