ஜப்பான் 9 நாள்: 7 நாள் ஜேஆர் பாஸ் எடுக்கலாமா?

வேலந்தாவளத்தான்:
கொச்சியில இருந்து ஏப்ரல் கடைசியில கிளம்பறோம், ரெண்டு பேருங்க. டோக்கியோ, கியோட்டோ, அங்கிருந்து ஹிரோஷிமா, அப்புறம் ஒசாகா. திரும்ப டோக்கியோ வந்து பிளைட். 7 நாள் ஜேஆர் பாஸ் (ஜப்பான் ரயில்வே ரயில்கள்ல இஷ்டம்போல போகற டிக்கெட்) எடுத்தா போதும்ங்கறாரு ஏஜென்ட். ஆளுக்கு ஒரு பெரிய பெட்டி இருக்கும்.

கொழிஞ்சாம்பாறை:
அது பழைய கணக்குங்க. 2023 அக்டோபர்ல 29,650 யென்ல இருந்து 50,000 ஆக்கிட்டாங்க. போதாததுக்கு, பாஸ் வச்சுட்டு நொசோமியில (வேகமான புல்லட் ரயில்) ஏறினா டோக்கியோ–கியோட்டோவுக்குக் கூடுதலா 4,960 கட்டணும்.

தனியா எடுங்க. டோக்கியோ–கியோட்டோ நொசோமி ரிசர்வ் சாதாரண நாள்ல 14,170, ரெண்டேகால் மணி நேரம். ஹிரோஷிமாவுக்கு கன்சாய்-ஹிரோஷிமா ஏரியா பாஸ், தொடர்ந்து 5 நாள், 17,000. ஹிரோஷிமா பக்கத்துல இருக்கற மியாஜிமா தீவுக்குப் போற ஜேஆர் படகும் இதுல அடக்கம், தீவு வரி 100 யென் மட்டும் தனி. ஒசாகால இருந்து டோக்கியோ 14,720. கூட்டினா 45,890.

ஒரு இடத்துலதான் ஏமாறுவாங்க. அந்த ஏரியா பாஸ் கியோட்டோ–ஷின்-ஒசாகா (ஒசாகாவோட புல்லட் ரயில் ஸ்டேஷன்) ஷின்கான்சென்ல, அதாவது புல்லட் ரயில்ல, செல்லாது, அந்தத் தடம் வேற ஜேஆர் கம்பெனியோடது. கியோட்டோவுல ஷின்காய்சொக்குங்கற சாதாரணத் தடத்து வேக ரயில் ஏறி, ஷின்-ஒசாகாவுல இறங்கி ஷின்கான்சென் மாறுங்க. அரை மணி நேரம்கூட ஆகாது.

கோபாலபுரம் அக்கா:
டோக்கியோவுக்குத் திரும்பறதே வீண் தம்பி. கொச்சியில இருந்து ஜப்பானுக்கு நேர் விமானம் கிடையாது, எப்படியும் சிங்கப்பூரோ கோலாலம்பூரோ மாறணும். டிக்கெட்டை ‘மல்டி சிட்டி’ன்னு போட்டு, இறங்கறது டோக்கியோ, கிளம்பறது கன்சாய் (ஒசாகா பக்கத்து விமான நிலையம்)னு தேடுங்க. விமான நிலையம் போற ஹருக்கா ரயிலும் அதே ஏரியா பாஸ்ல அடக்கம். அந்த 5 நாளை ஹிரோஷிமா கிளம்பற அன்னைக்கு ஆரம்பிச்சா பிளைட் அன்னைக்கு வரைக்கும் வரும். ரயில் செலவு 31,170-ல முடிஞ்சுது.

பெட்டிய டேப் வச்சு அளங்க. நீளம், அகலம், உயரம் கூட்டினா 160 செ.மீ. தாண்டினா, டிக்கெட் போடும்போதே பெட்டி வைக்கற இடத்தோட வர்ற கடைசி வரிசை சீட்டை எடுக்கணும். அதுக்குத் தனிக் காசு இல்லை. எடுக்காம ஏறினா 1,000 யென்.

வேலந்தாவளத்தான்:
நன்றிங்க அக்கா. டோக்கியோ–கியோட்டோ நைட் பஸ்?

கொழிஞ்சாம்பாறை:
சும்மா நாள்ல 4,000–8,000, ராத்திரி பூரா உக்காந்தே போகணும். ஆனா ஏப்ரல் 29-ல இருந்து மே 5 வரை கோல்டன் வீக், பஸ் விலையும் ஏறிடும். அந்த நாள்கள்ல நொசோமியில முன்பதிவில்லாப் பெட்டியே கிடையாது, கொஞ்சம் மெதுவான ஹிகாரி ரயில்ல உண்டு. ஸ்மார்ட்-ஈஎக்ஸ்ங்கற ஷின்கான்சென் டிக்கெட் ஆப்புல இப்பவே சீட் போடுங்க. அதுக்கு முன்னாடி பேங்க் ஆப்ல கார்டோட வெளிநாட்டுப் பரிவர்த்தனைய ஆன் பண்ணிடுங்க, அது ஆஃப்ல இருந்தா பணம் போகாது. டோக்கியோவுல ஷின்ஜுகு பகுதியில தங்கினா இன்னொண்ணு: கவுண்டர் டிக்கெட்டுல அங்கிருந்து டோக்கியோ ஸ்டேஷன் வரைக்கும் ஜேஆர் கட்டணம் சேர்ந்தே வரும், ஆப்புல எடுத்தா அது தனி.