லண்டன் வி அண்ட் ஏ: நகல் சிலைகளுக்கு நேரம் ஒதுக்கலாமா?

கேள்வி:
வேலை விஷயமாக லண்டன் போகிறேன், கிடைப்பது ஒரே ஒரு மதியம்தான். விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் 16ஆம் நூற்றாண்டு ஈரானில் நெய்த அர்தபில் கம்பளத்தைப் பார்த்தே தீர வேண்டும். அங்கேயே காஸ்ட் கோர்ட்ஸ் என்று பெரிய கூடங்கள், உள்ளே எல்லாம் பிளாஸ்டர் நகல்களாம். அசல் ரோமிலும் ஃபுளோரன்ஸிலும் இருக்க, நகலைப் பார்ப்பானேன்? போனவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1:
கட்டாயம் போங்கள். கி.பி. 113இல் ரோமில் எழுப்பிய டிராஜன் தூண் பீடத்தோடு சுமார் 35 மீட்டர், அதன் நகல் கூரைக்குள் அடங்காததால் இரண்டு பாகமாக அருகருகே நிறுத்தியிருக்கிறார்கள். ரோமில் கீழே நின்று கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தாலும் தூணைச் சுற்றிச் சுற்றி மேலேறும் சிற்பப் பட்டையின் மேல் சுற்றுகளில் இருப்பது கண்ணுக்குப் பிடிபடாது, இங்கே அதிலுள்ள டேசியப் போர்க் (பேரரசர் டிராஜன் இன்றைய ருமேனியப் பகுதியில் நடத்திய போர்) காட்சிகளை மேல்மாடத்திலிருந்தும் பார்க்கலாம். இதற்கான அச்சுகளை எடுத்தது 1860களில். அதற்கப்புறம் மழையும் வண்டிப் புகையும் அசலை அரித்துவிட்டன, அதனால் சில முகங்களும் கைகளும் நகலில்தான் தெளிவாக இருக்கின்றன. ஆய்வாளர்களுக்கே இது ஆதாரம், வெறும் நகல் என்று ஒதுக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

பதில் 2:
தூண் விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன், ஆனால் மைக்கலாஞ்சலோ பளிங்கில் செதுக்கிய டேவிட் சிலையின் நகல் அப்படியில்லை. பளிங்கு வெளிச்சத்தைக் கொஞ்சம் உள்ளே வாங்கித் திருப்பித் தரும், அதனால்தான் கல்லே தோல் மாதிரி தெரிகிறது. பிளாஸ்டரில் அது வராது, உருவமும் அளவும் மட்டும்தான் கிடைக்கும். ஃபுளோரன்ஸ் போக வாய்ப்பிருந்தால் டேவிட்டை அங்கே பாருங்கள். இங்கே அதன் பின்பக்கம் கண்ணாடிப் பெட்டியில் ஒரு பிளாஸ்டர் அத்தி இலை இருக்கும், அந்தக் காலத்தில் அரச குடும்பப் பெண்கள் வரும்போது நிர்வாணத்தை மறைக்கச் சிலையில் மாட்டினார்களாம்.

பதில் 3:
ஸ்பெயினின் சாந்தியாகோ பேராலயத்து வாசலை யாரும் சொல்லவில்லையே! 12ஆம் நூற்றாண்டில் மாஸ்டர் மாதேயோ செதுக்கியது, 1866இல் அச்செடுத்து முழு வாசலையும் அப்படியே நிறுத்தியிருக்கிறார்கள். பக்கத்தில் போய்ப் பாருங்கள், துண்டு துண்டாக வார்த்துப் பொருத்திய இணைப்புக் கோடுகள் சில இடங்களில் தெரியும். அந்த வேலைப்பாடே தனியாகப் பார்க்க வேண்டியது.

நுழைவு இலவசம். கம்பளத்துக்கு ஒவ்வொரு அரை மணிக்கும் பத்து நிமிடம்தான் விளக்குப் போடுவார்கள், அதற்குத் தக்கபடி காஸ்ட் கோர்ட்ஸை முன்னாலோ பின்னாலோ வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை என்றால் இரவு 10 வரை திறந்திருக்கும், முடிந்தால் அன்றைக்கே போங்கள்.