எஸ்பெராண்டோ பேசுபவர்களிடம் கேட்டு, இன்னும் காதை விட்டு அகலாத ஒரு வாக்கியம்: உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

கடலோடி:
எஸ்பெராண்டோ என்ற ஆக்கப்பட்ட பன்னாட்டு மொழி வெளியான 1887-உம், அதை ஆக்கிய சாமென்ஹோஃபின் 16 இலக்கண விதிகளும் இங்கே வருபவர்களுக்குத் தெரிந்தவை என்பதால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். ஐரோப்பாவில் நடந்த ஓர் உலக மாநாட்டில், தாயும் தந்தையும் வெவ்வேறு நாட்டினராக இருந்து எஸ்பெராண்டோவையே வீட்டுமொழியாக்கிக்கொண்ட ஒரு குடும்பத்துடன் இரவு உணவு உண்டேன். அவர்களுடைய மகளுக்கு நான்கு வயதிருக்கும். தந்தை அவளை உறங்கப் போகச் சொன்னபோது, அவள் கைகளைக் கட்டிக்கொண்டு, கண்களை அகல விரித்து, "மி மல்தோர்மாஸ்!" என்றாள். 'மி' என்றால் நான், 'தோர்மி' என்றால் உறங்குதல். அதன்முன் நிற்கும் 'மல்', 'போனா'வை (நல்ல) 'மல்போனா' (கெட்ட) ஆக்கும், எதிர்ப்பொருள் தரும் அதே 'மல்'தான். 'இல்லை' என்னும் 'நே' சேர்த்து "உறங்கவில்லை" என்று சொல்லியிருந்தால் நான் மறந்திருப்பேன். உறக்கத்துக்கு நேரெதிரான ஒரு வேலையில் தான் மும்முரமாக இருப்பதாக அவள் அறிவித்தாள். பெற்றோர் திருத்தவுமில்லை, வியக்கவுமில்லை. அந்தச் சொல்லை நான் எந்தப் பாடநூலிலும் படித்ததில்லை. அதை அவளுக்குத் தந்தது விதியா, அல்லது அவளே பிறப்பித்தாளா என்று இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன். பிறந்தது முதல் இம்மொழி பேசும் 'தெனாஸ்குலோ'க்களைச் சந்தித்தவர்கள் எழுதுங்கள்.

மருதநிலம்:
குழந்தைகள் யாரையும் நான் சந்தித்ததில்லை. என் மனத்தில் நிற்பது சொல்லின் இறுதியில் வரும் 'ன்' ஒலி. எஸ்பெராண்டோ பேசும் பயணிகள் ஒருவர் வீட்டில் ஒருவர் தங்க உதவும் 'பஸ்போர்தா செர்வோ' அமைப்பின் வழியாக ஒரு முதியவர் வீட்டில் தங்கியிருந்தேன். ஜன்னலோரம் நின்று, அவருடைய நாய் ஓடுவதைப் பார்த்து, "லா ஹுந்தோ கூராஸ் என் லா ஜார்தேனோ" என்று பேச்சுவாக்கில் சொன்னேன். சமையலறையிலிருந்து அவர் கையில் கரண்டியோடு வெளியே வந்து, "ஜார்தேனோவா, ஜார்தேனோனா?" என்று கேட்டார். 'ன்' இல்லையென்றால் நாய் ஏற்கெனவே தோட்டத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. 'ன்' இருந்தால் வெளியிலிருந்து தோட்டத்துக்குள் ஓடுகிறது. அவர் அன்றுதான் நாற்று நட்டிருந்தார். ஒரு மெய்யெழுத்தைக் கேட்டறிந்துகொண்டு, பதறுவதா வேண்டாமா என்று முடிவுசெய்யும் ஒரு மனிதரை நான் அதற்குமுன் கண்டதில்லை. செயப்படுபொருளுக்கும் இதே 'ன்' தான் என்பதால், இரண்டாம் வேற்றுமையில் ஊறிய தமிழர்களுக்கு இது மிக எளிதாக வரும் என்பது என் கருத்து.

நூலகவாசி:
மருதநிலம் அவர்கள் சொன்ன கடைசி வாக்கியத்தை என்னால் ஏற்க இயலவில்லை. நமக்கு 'ஐ' உண்டு என்பது உண்மை. ஆனால் அஃறிணையில் அதை நாம் நாள்தோறும் விட்டுவிடுகிறோம் என்பதும் அதே அளவு உண்மை. "புத்தகம் படித்தேன்", "தண்ணீர் குடித்தேன்" என்றே பேசுகிறோம். இலக்கணமும் இதற்கு இரண்டாம் வேற்றுமைத் தொகை என்று பெயர் வைத்து இடம் தந்திருக்கிறது. எஸ்பெராண்டோவோ புத்தகமானாலும் மனிதரானாலும் விலக்குத் தருவதில்லை: "மி லேகாஸ் லிப்ரோன்" என்றே சொல்லவேண்டும். இதைவிடக் கடினமானது பெயரடை. தமிழில் "அழகிய பூக்களை" என்னும்போது 'அழகிய' அசையாமல் நிற்கிறது. எஸ்பெராண்டோவில் "பேலாய்ன் ஃப்ளோரோய்ன்" என்று, பன்மையின் 'ய்' ஒலியும் வேற்றுமையின் 'ன்' ஒலியும் பெயரடைமீதும் ஏறவேண்டும். எனவே நம் தாய்மொழிப் பழக்கம் இங்கே பாதி உதவி, பாதி இடையூறு. என்னோடு ஒரே வகுப்பில் படித்த ஜப்பானியப் பெண்மணி ஒருவர், தம் மொழியிலும் அந்த வேற்றுமைச் சொல் பேச்சில் உதிர்ந்துவிடும் என்று கூறி, ஒவ்வொரு 'ன்' வரும்போதும் மேசையை விரலால் ஒருமுறை தட்டிவிட்டுத்தான் அடுத்த சொல்லுக்குச் செல்வார். அந்தத் தட்டல் ஓசை இன்றும் கேட்கிறது.

செம்பருத்தி:
என் அனுபவம் சிறியது. சாமென்ஹோஃப் பிறந்த, இன்று போலந்தில் உள்ள பியாவிஸ்டோக் நகரில் ஓர் அம்மையாரிடம் பலத்த காற்றைப் பற்றிப் பேசினேன். அவர் அது எந்தக் கடையில் என்று கேட்டார். காற்றுக்கு 'வெந்தோ' என்ற சொல்; அதில் வருவது அழுத்தமாக ஒலிக்கும் த. அதையே தமிழ் 'பந்து'வில் வருவதுபோல மென்மையாக ஒலித்தால் விற்பனை என்று பொருளாகிவிடும்.

இங்கே எல்லோரும் இலக்கணத்தையே பேசுவதால், யாரும் கேட்காவிட்டாலும் ஒலிகளைப் பற்றிச் சொல்லவேண்டியிருக்கிறது. இம்மொழியில் 28 எழுத்துகள், ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒலி. தமிழிலோ க, ச, ட, த, ப ஆகியவை இடத்துக்கேற்ப ஒலி மாறும். மெல்லினத்தை அடுத்து வந்தால் நம் நாக்கு தானாகவே ஒலிப்பைச் சேர்த்து, 'பந்து'வில் போல மென்மையாக்கிவிடும். ஆகவே புதிதாகத் தொடங்குபவர்கள் 'தெம்போ', 'பாங்கோ', 'கான்தோ' போன்ற சொற்களில் மெல்லினத்துக்குப் பிறகு ஒரு கணம் நிறுத்தி, வல்லினத்தைத் தனியே சொல்லிப் பழகவேண்டும். தமிழ் எழுத்தில் குறித்துவைத்துப் படிக்கவே கூடாது. அது இந்த வேறுபாட்டை மறைத்துவிடும். அடுத்து, அழுத்தம் எப்போதும் ஈற்றயல் உயிரில் விழும், போலிஷ் மொழியில் பெரும்பாலும் விழுவதுபோல. 'ஃபமிலியோ'வில் 'லி'யை அழுத்தவேண்டும். நாமோ எல்லா அசைகளையும் சமமாகச் சொல்லிக்கொண்டே போகிறோம். 'ஸ்த்ஸீ' என்று தொடங்கும் 'அறிதல்' வினைக்கு முன் 'இ' சேர்க்காமல் இருக்க, முந்தைய சொல்லின் ஈற்றோடு சேர்த்துச் சொல்லுங்கள்: "மி" என்பதை இழுத்து, அதிலேயே "ஸ்" ஒலியை ஒட்டுங்கள். தொப்பி (^) அணிந்த ஐந்து எழுத்துகளையும், பிறைக்குறி (˘) கொண்ட ஆறாவதையும் ஒருங்கே பழக "எஹோஷாஞ்ஜோ சியுஜவ்தே" என்ற பழைய தொடர் இருக்கிறது; 'வியாழன்தோறும் எதிரொலி மாற்றம்' என்பதற்கு வேறு பயன் எதுவும் இல்லை, ஆனால் அந்த ஆறு எழுத்துகளும் அதில் இருக்கின்றன. தினமும் உரக்கச் சொல்லி, பதிவுசெய்து, கேட்டுப் பாருங்கள்.

வடகரையான்:
செம்பருத்தி அவர்களின் அறிவுரை பயனுள்ளதே. என்றாலும் கடலோடி கேட்டது வேறு. அவருடைய கேள்விக்கு என் பதில், விதியும் குழந்தையும் அங்கே எதிரெதிர் அல்ல என்பது. இம்மொழியில் ஒட்டுகளே தனிச்சொற்களாக நடமாடுகின்றன: இடத்தைக் குறிக்கும் 'எய்' என்ற பின்னொட்டு 'எயோ' ஆகி 'இடம்' என்ற பெயராகிறது, 'மல்' கூட 'மலோ' ஆகி 'எதிர்' என்று நிற்கிறது. ஒரு ரயில் நிலையத்தில், பல நாட்டினர் கொண்ட எங்கள் குழு, புத்தகங்கள் நிறைந்த ஒரு கனத்த பெட்டியைப் படியேற்ற முடியாமல் நின்றது. ஒருவர் குனிந்து கைப்பிடியைப் பற்றிக்கொண்டு "எக்!" என்றார், அடுத்த கணம் அனைவரும் ஒன்றாகத் தூக்கினோம். ஒரு செயலின் தொடக்கத்தைக் குறிக்கும் வெறும் முன்னொட்டு அது. பின்னால் வினையே இல்லை. ஆனாலும் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. 'தோர்மி'யோடு அது சேர்ந்தால் 'எக்தோர்மி', அதாவது உறங்கத் தொடங்குதல். அந்தத் தந்தை மகளிடம் எதிர்பார்த்தது அதுவாகத்தான் இருக்கும். அதே வினையடியை எடுத்து, வேறொரு முன்னொட்டை மாட்டி, அவள் மறுத்திருக்கிறாள்.