கோணல் ஒட்டுப்போர்வை: மெசினில ஏத்திறதோ, திருப்பிக் குடுக்கிறதோ?

கிளிநொச்சித் தையல்:
ஒரு அம்மா, தான் பொருத்தின போர்வை மேல்துணியைக் கொண்டுவந்து தந்திருக்கிறா. 2010இல திரும்பிவந்து குடியேறின பிறகு கட்டின சீலையளை வெட்டிச் செய்தது. கனடாவில இருக்கிற பேத்திக்கு அனுப்பவாம். பஞ்சு வைச்சு, அடித்துணி போட்டு நான் மெசினில தைக்கவேணும். விரிச்சா நடு உப்பி நிக்குது, நாலு கரையும் அலை அடிக்குது. கொட்டனும் நைலெக்ஸும் கலந்திருக்கு. சில பொருத்தில தையலுக்கு அங்கால துணியே இல்லை. என்ன செய்யலாம்?

மாங்குளத்தான்:
திருப்பிக் குடுங்கோ அக்கா. வீட்டு மெசினின்ர பல்லு அடித்துணியைத்தான் தள்ளும். மேல்துணி பின்தங்கி, உப்பல் முழுக்க மெசின் காலுக்கு முன்னால குவிஞ்சு மடிப்பா விழும். பாக்கிற சனம் உங்கட கையைத்தான் குறை சொல்லும்.

தண்ணீரூற்று அக்கா:
மடிப்புக்குப் பயந்து ஒரு தாயின்ர வேலையைத் திருப்பி அனுப்புறதோ தம்பி? கரையைப் பிரிச்சு, போர்வையை நடுவால அளந்து, அந்த அளவுக்கே கரைத்துணியை வெட்டுங்கோ. குண்டூசியைப் பரவலாக் குத்தித் தைச்சா அலை அடங்கும். இழுபட்ட ஓரத்தை அளந்து வெட்டினபடியாத்தான் அலை வந்திருக்கும். கொட்டன் துண்டுகளுக்குக் கஞ்சித்தண்ணி தெளிச்சு அயன் பண்ணுங்கோ, நைலெக்ஸில சூடு கவனம். பஞ்சு கொஞ்சம் தடிப்பா இருந்தா மிச்ச உப்பலை அது வாங்கிக்கொள்ளும்.

மாங்குளத்தான்:
பிரிக்க ஆரைக் கேட்டனீங்கள்? அவவின்ர தையலை அவவுக்குத் தெரியாமல் தொடுறது பிழை. அந்த நேரத்துக்குக் கூலி ஆர் தாறது?

ஒட்டுசுட்டான் பிள்ளை:
நான் கார்மென்ற்ஸில தைச்சனான். அலையும் உப்பலும் பார்வைக் குறைதான். துணி விடாத பொருத்துத்தான் ஆபத்து. கனடாவில வோஷிங் மெசினில போடுவினம், கெதியில பிரிஞ்சு பஞ்சு வெளியில வந்திடும். கால் அங்குலமாவது விட்டுத் திருப்பித் தைக்கவேணும். ஏலாத இடத்தில பஞ்சு வைக்க முதல் பின்பக்கம் மெல்லிய துணி வைச்சுத் தையுங்கோ அக்கா. இதை விட்டிட்டு மேலால வடிவாத் தைச்சு வேலையில்லை.

தண்ணீரூற்று அக்கா:
பிள்ளை சொல்லுறது சரி. இன்னொண்டு, மூலை பொருந்தாத இடத்தில பொருத்து வழியே ஊசியை ஓட்டாதேங்கோ, கோணல் துலங்கிப்போடும். நடுவில தொடங்கி வளைஞ்சு வளைஞ்சு வெளியால போங்கோ.

மாங்குளத்தான்:
எல்லாம் செய்யலாம், ஆனா ஊசி இறக்க முதல் அந்த அம்மாவை இருத்தி, விரிச்சுக் காட்டுங்கோ. இது அடங்கும், இது அடங்காது எண்டு விரல் வைச்சுச் சொல்லுங்கோ.

கிளிநொச்சித் தையல்:
நாளைக்கு வரச்சொல்லியிருக்கிறன். பிரிக்கிறதுக்குக் கூலி கேக்கத்தான் மனம் வருகுதில்லை.

மாங்குளத்தான்:
கேளுங்கோ அக்கா. நீங்கள் சும்மா செய்தா, பக்கத்தில தையலை நம்பிச் சீவிக்கிற பிள்ளையிட்டையும் சும்மா கேப்பினம்.

தண்ணீரூற்று அக்கா:
தைக்கிற கூலியை முழுசா வாங்குங்கோ. பிரிக்கிறதை அவவையே செய்யச் சொல்லுங்கோ. தன்ர தையலைத் தான் பிரிச்சா அவவுக்கும் மனம் நோகாது.

மாங்குளத்தான்:
அதுக்கு நான் ஓம்.