வெள்ளப் பாட்டு: 1929 இசைத்தட்டா, 1971 இசைத்தட்டா?

வாவிக்கரை எழுதியது:

போன போயாவுக்கு (பௌர்ணமி விடுமுறைக்கு) நாங்கள் நாலு பேர் மட்டக்களப்புக் கல்லடிக் கடற்கரையில் கூடினோம். ஆளுக்கு ஐந்து பாட்டு, ஒரு சின்ன ஸ்பீக்கர், பிளாஸ்கில் பிளேன்ரீ. பாட்டு ஓடும்போது யாரும் கதைக்கக் கூடாது என்பது மட்டும்தான் எங்கள் சட்டம். பி.பி. கிங்கின் ‘த திரில் இஸ் கோன்’, ஹென்ட்ரிக்ஸின் ‘றெட் ஹவுஸ்’, கிரீம் குழுவின் ‘குறொஸ்றோட்ஸ்’ என்று நல்லபடியாகத்தான் போனது. கடைசியாக நான் லெட் செப்பெலினின் ‘வென் த லெவீ பிரேக்ஸ்’ போட்டேன். அணை உடைந்தால் எங்கே போவேன் என்று ஒருவன் புலம்புகிற பாட்டு. முடிந்ததும் ஒரு நண்பன், “1929இல் இதைப் பாடினவர்களைக் கேட்காமல் இதைத் தலையில் தூக்கி வைக்காதே” என்று சொல்லித் தன் போனில் பழைய பதிவைப் போட்டான். கன்சாஸ் ஜோ மெக்கோய் பாடுகிறார், மெம்பிஸ் மின்னி கூடவே கிற்றார் வாசிக்கிறார். அங்கே தொடங்கின வாக்குவாதம் பாலம் கடந்து வீடு போய்ச் சேரும்வரை ஓயவில்லை. அதை இங்கே கொண்டுவருகிறேன்.

என் கட்சி 1971, செப்பெலின் பதிவு. அவர்களின் ட்ரம்ஸ்காரர் ஜோன் பொன்ஹமின் ட்ரம்ஸை இங்கிலாந்தில் ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய கட்டடத்தின் முன்மண்டபத்தில், மாடிப்படிக்குக் கீழே வைத்தார்கள். ஒலிப்பதிவாளர் அன்டி ஜோன்ஸ் இரண்டு மைக்குகளை மேலே படிக்கட்டுப் பக்கம் தொங்கவிட்டார். அடி விழுந்து, சுவரில் மோதி, மேலே ஏறி வருகிற சத்தம்தான் நமக்குக் கேட்கிறது. ஏழு நிமிடமும் அந்த அடிக்கு அவசரமே கிடையாது.

2011 ஜனவரியில் எங்கள் வளவுக்குள் தண்ணீர் வந்ததும் அப்படித்தான். பாய்ந்து வரவில்லை. முதலில் கிணற்றடி, மறுகா குசினி வாசல், அப்புறம் விறாந்தைப் படியில் ஒவ்வொன்றாக. அம்மா படியில் கரித்துண்டால் கோடு போட்டுப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். செப்பெலினைக் கேட்கும்போது அந்தக் கோடுகள்தான் எனக்கு ஞாபகம் வருகின்றன. 1929 பதிவு கேட்க வடிவாக இருக்கிறது, ஆனால் கல்யாண வீட்டுப் பாட்டுப் போலத் துள்ளுகிறது. அதில் எனக்கு வெள்ளம் கேட்கவில்லை.

பழைய கசெட் எழுதியது:

தம்பி, ‘கல்யாண வீட்டுப் பாட்டு’ என்று எழுதினீர்களே, அதற்காகத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன்.

1927 ஏப்ரலில் மிசிசிப்பி ஆறு அணைகளை உடைத்துக்கொண்டு பாய்ந்தது. ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வீடுவாசலை விட்டுப் போனார்கள். கிரீன்வில் என்ற ஊரில் கறுப்பினத் தொழிலாளிகளைக் காப்பாற்றிக் கொண்டுபோக விடாமல் அணைக்கட்டின் மேலேயே தடுத்து வைத்தார்கள். அவர்கள் போய்விட்டால் பருத்திக் காட்டுக்கு ஆள் கிடைக்காது என்று தோட்டக்காரர்களுக்குப் பயம். பாட்டில் இரவு பகலாக அணைக்கட்டில் வேலை செய்தேன் என்கிறவன் அந்த ஆள்தான். அந்தப் பதிவு வெளியானது இரண்டே வருடத்தில். ஈரம் காய்ந்திருக்காது.

துள்ளலைப் பற்றிக் கேட்டால், 2011இல் எங்களுக்குப் படுவான்கரையில் வயலே போய்விட்டது. ஒரு பள்ளிக்கூடத்தில் ஒன்பது நாள் இருந்தோம். கரண்ட் இல்லை. இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ இரவு, ஒரு வயசாளி பெயின்ற் வாளியைக் கவிழ்த்து வைத்துத் தட்டிக்கொண்டு வசந்தன் பாட்டுப் பாடத் தொடங்கினார். பிள்ளைகள் சுற்றி நின்று கை தட்டினார்கள். வேகமான பாட்டு, ஆடச் சொல்லுகிற பாட்டு. அந்த மனிசனுக்கு அறுவடைக்கு மூன்று கிழமை இருந்த நாலு ஏக்கர் தண்ணீருக்குள் கிடந்தது. வாளியில் அவருடைய விரல் ஒரு தடவைகூடத் தாளம் பிசகவில்லை. வெள்ளத்துக்குள் நிற்கிறவன் பாடுவது அப்படித்தான் இருக்கும். பொன்ஹமின் அடி, கரையில் நின்று வெள்ளத்தைப் பார்க்கிறவனின் அடி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதே 1927இல் நியூ ஓர்லியன்ஸ் நகரத்தைக் காப்பாற்ற, கீழ்ப்பக்கம் கேர்னார்வன் என்ற இடத்தில் அணையை டைனமைட் வைத்துத் தகர்த்தார்கள். தண்ணீர் ஏழை எளியதுகளின் பக்கம் போனது. மழை கூடினால் முகத்துவாரத்தை வெட்டு என்று வயல்காரரும் வெட்டாதே என்று மீன்பிடிக்காரரும் நிற்கிற ஊர் நம்முடையது. ஒருவரைக் காக்கிற வெட்டு இன்னொருவரின் வயிற்றில் விழும் என்று நமக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. நம்முடைய வெபர் மைதானத்துக்குப் பெயர் தந்த வெபர் அடிகளாரும் அந்த நியூ ஓர்லியன்ஸ் மாகாண இயேசு சபையிலிருந்து வந்தவர்தான். அந்த ஆறு நாம் நினைக்கிற அளவுக்குத் தூரத்தில் இல்லை.

அக்கரைப்பற்றுத் தந்தி எழுதியது:

நான் இருபது வருடமாகக் கிற்றார் வாசிக்கிறவன். இரண்டு பேருடைய கட்சியிலும் எனக்கு முழுச் சம்மதமில்லை.

‘மூலம்’ என்று புளூஸில், அதாவது இந்த வெள்ளப் பாட்டுப் பிறந்த அமெரிக்கக் கறுப்பின மக்களின் பாட்டு வகையில், ஒன்றைப் பிடித்து நிறுத்துவது கஷ்டம். றொபேட் ஜோன்சனை எல்லாரும் ஊற்று என்கிறார்கள். 1936இலும் 1937இலும் இரண்டே தடவை பதிவுக்குப் போய், 29 பாட்டு விட்டுவிட்டு, 27 வயதில் மௌத்தாகிப் போனார். அவருடைய ‘ஸ்வீட் ஹோம் சிக்காகோ’வைக் கேட்டுவிட்டு கோகோமோ ஆர்னல்ட் 1934இல் பாடின ‘ஓல்ட் ஒறிஜினல் கோகோமோ புளூஸ்’ஸைக் கேளுங்கள். ‘தேர்ட்டி டூ ட்வென்ரி’யைக் கேட்டுவிட்டு ஸ்கிப் ஜேம்ஸின் ‘ட்வென்ரி டூ ட்வென்ரி’யைக் கேளுங்கள். எடுத்ததைத் தன் கையால் மாற்றிக் கொடுப்பதுதான் அந்தத் தொழில்.

எங்கள் உம்மம்மா கவி சொல்லுவா. வயல் காவலுக்குப் போனவனை நினைத்துச் சொல்லுகிற கவி, மாமி மகனை ஏசுகிற கவி. அதே கவியை நிந்தவூரில் வேறு சொல்லோடு கேட்டிருக்கிறேன். இது யாருடையது உம்மம்மா என்று கேட்டால், “சொல்றவட வாய்க்குச் சொந்தம்” என்பா.

வாசிக்கிறவன் காதுக்குப் படுகிற வித்தியாசம் ஒன்று உண்டு. புளூஸில் முதல் அடியைப் பாடி, அதையே திருப்பிப் பாடி, மூன்றாம் அடியில் பதில் சொல்லுவார்கள். பன்னிரண்டு பாரில் (பார் என்பது ஒரு தாள வட்டம்) அந்தக் கணக்கு முடியும். 1929 பதிவில் ஜோ ஒரு அடி பாடி மூச்சு விடுகிற இடத்தில் மின்னியின் கிற்றார் உள்ளே வந்து பதில் சொல்லும். கூத்துக் களரியில் ஆட்டக்காரன் பாட, சபையோர் வாங்கிப் பாடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். செப்பெலின் அந்தப் பன்னிரண்டைக் கழற்றி வைத்துவிட்டு, பெரும்பாலும் ஒரே இடத்தில் நின்று அரைக்கிறார்கள். பதில் சொல்ல ஆள் இல்லை. 1929இல் இரண்டு பேர் சேர்ந்து தாங்குகிற துக்கம், 1971இல் ஒருவன் தனியாக நிற்கிறான். என்னைக் கேட்டால் இது இரண்டு பாட்டு. இரண்டையும் வைத்துக்கொள்வேன்.

மணல்மேடு எழுதியது:

என் ஐந்து: ‘ஸ்மோக் ஒன் த வோட்டர்’, ‘ஹோட்டல் கலிபோர்னியா’, ‘ரெட் ஹவுஸ்’, கரி மூரின் ‘ஸ்டில் கொட் த புளூஸ்’, ஹவ்லின் வுல்ஃபின் ‘ஸ்மோக்ஸ்டக் லைட்னின்’. வெள்ளப் பாட்டில் என் வாக்கு 1971க்கு. ‘ஸ்மோக் ஒன் த வோட்டர்’ உம் 1971 டிசம்பரில் சுவிற்சர்லாந்தில் மொன்ட்ரோ கசினோ எரிந்ததைக் கண்ணால் கண்டவர்கள் எழுதினது. கரையில் நின்று கண்டவன் எழுதினால் சின்னப் பாட்டாகத்தான் இருக்கும் என்றில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

நீலச்சுரம் எழுதியது:

பழைய கசெட் அண்ணனுக்கும் வாவிக்கரை அண்ணனுக்கும் நடுவில் ஒரு ஆள் காணாமல் போய்க்கொண்டிருக்கிறார். மின்னி.

வாவிக்கரை அண்ணன், பழைய பதிவில் வெள்ளம் கேட்கவில்லை என்று, றொக் வந்துதான் பலம் வந்தது என்ற மாதிரி எழுதியிருக்கிறீர்கள். 1942ஆம் ஆண்டு கடைசி இரவு சிக்காகோவில் ஒரு மதுச்சாலையில், ஐஸ் பெட்டிக்கு மேலே ஏறி உட்கார்ந்து, மின்கிற்றார் வாசித்தவர் மின்னி. கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் அதை நேரில் பார்த்துப் பத்திரிகையில் எழுதினார். அந்தச் சத்தத்தை அவர் ஒப்பிட்டது மின்சார வெல்டிங்கோடும் இரும்பு ஆலையோடும். சிக்காகோ மின்கிற்றார் புளூஸ் என்றால் எல்லாரும் சொல்லுகிற மடி வோட்டர்ஸ் அப்போது சிக்காகோவுக்கு வந்து சேரவேயில்லை, அவர் வந்தது 1943இல். பலம் எங்கிருந்து வந்தது என்று இப்போது சொல்லுங்கள்.

நான் இசை படிக்கிறவள், வயலின். புளூஸில் ‘நீலச் சுரம்’ என்பது நம் சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் இடையில் எங்கேயோ நிற்கிறது. பியானோவில் அதற்குக் கட்டை கிடையாது. தந்தியை வளைத்தோ குரலை வழுக்கியோதான் போய்த் தொட வேண்டும். கமகம் பழகின கைக்கு அது அந்நியமில்லை. முதல் தடவை பி.பி. கிங் அந்த இடத்தில் ஒரு சுரத்தை நடுங்க வைத்ததைக் கேட்டபோது வில்லைக் கீழே வைத்துவிட்டேன்.

பெண்களின் கதை வேறு இடத்திலும் இதேதான். ‘ஹவுண்ட் டோக்’கை 1952இல் பதிவு செய்தவர் பிக் மாமா தோர்ன்டன். 1956இல் எல்விஸ் பாடினார், ஊர் எல்விஸை மட்டும் ஞாபகம் வைத்திருக்கிறது. தோர்ன்டனின் பதிவைப் போட்டுப் பாருங்கள். அவர் ஒரு ஆம்பிளையை வாசலில் வைத்து விரட்டுகிறார். எல்விஸில் அந்த ஆம்பிளை போய், உண்மையாகவே ஒரு நாய்தான் மிச்சம்.

வாவிக்கரை எழுதியது:

தங்கச்சி, ஐஸ் பெட்டிக் கதை எனக்குத் தெரியாது. நேற்று இரவு அதையே நினைத்துக்கொண்டு கிடந்தேன். ஆனாலும் என் கட்சியை விட மனமில்லை. அந்த இரவு பதிவாகவில்லை. மின்னி எப்படி இடித்தார் என்று நாம் வாசிக்கலாம், கேட்க முடியாது. பொன்ஹமின் படிக்கட்டுச் சத்தம் கேட்கக் கிடைக்கிறது. பாட்டு என்பது காதுக்கு வந்து சேர்ந்ததுதானே.

பழைய கசெட் அண்ணன், கரையில் நிற்கிறவன், உள்ளே நிற்கிறவன் என்று நீங்கள் பிரித்தது எனக்கு உறைத்தது. ‘கல்யாண வீடு’ என்று எழுதியதைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். ஆனால் நானும் உள்ளே நின்றவன்தான், அண்ணன். எனக்கு அது மெதுவாகத்தான் கேட்டது. இரண்டு பேர் ஒரே வெள்ளத்துக்குள் நின்று வேறு வேறு தாளம் கேட்கலாம்.

பழைய கசெட் எழுதியது:

கேட்கலாம் தம்பி. நீங்களும் நின்றீர்கள் என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை, அது என் பிழை.

தந்தி நானாவுக்கு ஒரு பதில். சொல்கிறவளின் வாய்க்குச் சொந்தம் என்று உங்கள் உம்மம்மா சொன்னது கவிக்குச் சரி. கவி சொல்லி யாரும் காசு வாங்கவில்லை. தட்டு என்று வந்தால் காசு வருகிறது, அப்போது பெயர் வேண்டும். ‘ஹோல் லொட்டா லவ்’ பாட்டுக்காக வில்லி டிக்சன் 1985இல் செப்பெலின்மேல் வழக்குப் போட்டார். மடி வோட்டர்ஸுக்கு அவர் எழுதிக் கொடுத்த ‘யூ நீட் லவ்’வில் இருந்து எடுத்தது என்று. 1987இல் சமாதானமாய்ப் போய்த் தீர்த்தார்கள். வெள்ளப் பாட்டில் அந்தக் குறை இல்லை. 1971 தட்டிலேயே நாலு பேருடைய பெயருக்குப் பக்கத்தில் மெம்பிஸ் மின்னியின் பெயரும் இருக்கிறது. செப்பெலினுக்கு அந்த மரியாதையை நான் கொடுக்கிறேன். ஆனால் பாடின ஜோவின் பெயர் இல்லை. மின்னி 1973இல் மெம்பிசில் ஒரு பராமரிப்பு விடுதியில் செத்துப்போனார். கல்லறைக்கு ஒழுங்கான கல் வந்தது 1996இல், பாடகி பொனி றெயிட் காசு கொடுத்த பிறகு.

பெயரில் எனக்கு ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், இந்தப் பாட்டு எனக்குக் கிடைத்தது டவுனில் ஒரு ரெக்கோடிங் பாரில் அடித்த 90 நிமிடக் கசெட்டில். கடைக்காரர் மட்டையில் நீலப் பேனையால் ‘இங்லிஷ் 4’ என்று மட்டும் எழுதியிருந்தார். பற்றறி தீர்ந்துவிடும் என்று பேனையைச் செருகிக் கையால் சுற்றிச் சுற்றி, அந்த ஒரு பாட்டுக்கே திரும்பத் திரும்ப வந்தேன். பாடுகிறது யார், எழுதினது யார், எந்த நாடு, ஒன்றும் தெரியாது. எட்டு வருடம் பெயர் தெரியாமல் ஒரு பாட்டோடு இருந்தேன். மின்னி என்ற பெயரை முதலில் வாசித்த அன்று அந்த மட்டையைத் தேடி எடுத்து, ‘இங்லிஷ் 4’க்குக் கீழே எழுதி வைத்தேன். ஜோவின் பெயரையும் சேர்த்து.

அக்கரைப்பற்றுத் தந்தி எழுதியது:

காசு வந்தால் பெயர் வேண்டும் என்பதை ஏற்றுக்கொள்கிறேன். அதில் எனக்கு மறுபேச்சில்லை.

அடுத்த போயாவுக்குக் கல்லடிக்கு நானும் வாறேன், இடம் இருந்தால். இரண்டு கிற்றார் கொண்டு வருவேன். 1929 பதிவை வாசிக்க ஒரு கிற்றார் காணாது. ஜோவின் பங்கை நான் பிடிக்கிறேன், மின்னியின் பங்கைப் பிடிக்க யாராவது வேண்டும். அது லேசான வேலை இல்லை, மூன்று மாதமாகப் பழகியும் என் பெருவிரல் இன்னும் சொல் கேட்கவில்லை.

நீலச்சுரம் எழுதியது:

கிற்றாருக்குப் பதில் வயலின் என்றால் நான் பிடிக்கலாம், நானா. பதில் சொல்கிற இடங்களை மட்டும் எழுதி அனுப்புங்கள்.

வாவிக்கரை எழுதியது:

இடம் இருக்கிறது. பாலத்தால் இறங்கி நேரே கடற்கரைக்கு வாங்க, ஆறு மணிக்கு. முதலில் 1929, நீங்கள் வாசிக்க வாசிக்கக் கேட்போம். இருட்டின பிறகு ஸ்பீக்கரில் 1971. பழைய கசெட் அண்ணன், அந்த மட்டையையும் கொண்டு வாங்க.

பழைய கசெட் எழுதியது:

கொண்டு வாறேன். வாளியும் ஒன்று கொண்டு வாறேன்.